சிக்னல் நிறைவு, வகுப்பு நகரவில்லை: படுவான்கரை வீடொன்றின் 4ஜி ஆய்வு

போனில் கம்பி நாலும் நிறைந்திருக்க நெட் ஏன் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். கம்பனிக்காரன் ஸ்பீடைக் குறைக்கிறான், டேட்டா பேக்கேஜ் சரியில்லை, போன் பழசு. இந்த மூன்றுமே பொருந்தாத ஒரு வீட்டைப் பற்றியது இந்த ஆய்வு. கொக்கட்டிச்சோலைக்குத் தெற்கே, மட்டக்களப்பு வாவியை ஒட்டிய கிராமமொன்றில் இருக்கிறது என் மாமி வீடு. அங்கே மச்சாள் உயர்தரம் படிக்கிறாள். மாலை ஆறரைக்கு ஸூம் வகுப்பு தொடங்கும், ஏழு மணியாகும்போது சேரின் முகம் உறைந்துவிடும், எட்டரைக்கு வகுப்பு முடியும்வரை அப்படியே கிடக்கும். அதே போனில், அதே சிம்மில், நடுச்சாமத்தில் யூடியூப் தங்குதடையில்லாமல் ஓடுகிறது.

"கம்பி நாலும் நிறைஞ்சுதானே மனே கிடக்கு, பிறகென்னத்துக்கு இது சுத்திக்கொண்டு நிக்கிது?" என்று மாமி கேட்டதுதான் இந்த ஆய்வின் கேள்வி. நல்ல கேள்வி அது, ஏனென்றால் விடை முழுவதும் அந்தக் கம்பிகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டுவதில்லை என்பதில்தான் கிடக்கிறது.

முதலில் எளிதானவற்றைக் கழித்துவிட்டோம். பேக்கேஜ் முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருந்தால் நடுச்சாமத்திலும் குறைந்தே இருக்க வேண்டும், இருக்கவில்லை. வேறொரு போனில் சிம்மைப் போட்டுப் பார்த்தும் மாலையில் அதே கதைதான். அப்போ பிரச்சினை வீட்டுக்கு வெளியே.

கம்பி காட்டாதது

போனுக்குள் இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று சிக்னலின் பலம், ஆர்.எஸ்.ஆர்.பி என்பார்கள். மற்றது தரம், எஸ்.ஐ.என்.ஆர். அதாவது நமக்கு வேண்டிய டவரின் ஒலி, மற்ற டவர்களின் இரைச்சலைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது. கம்பிகள் பெரும்பாலும் பலத்தை வைத்தே ஏறி இறங்குகின்றன, வேகத்தைத் தீர்மானிப்பதோ தரம். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் இந்த எண்கள் தெரியும், அன்ட்ராய்டில் இதற்கென்றே இலவச ஆப்கள் இருக்கின்றன.

வாவியைப் பார்த்த முன் விறாந்தையில் மாலை ஏழரை மணிக்குப் பார்த்தபோது பலம் −92 அளவில் இருந்தது, நல்ல பலம். தரம் 2 டெசிபலைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது, அது மோசம். அப்புறம் வீட்டின் பின்பக்கம், மாமரத்தடியில் கோழிக்கூடு இருக்கிற மூலைக்குப் போனேன். அங்கே போன் சற்று நேரம் தடுமாறிவிட்டு வேறொரு டவருக்கு மாறியது. பலம் −103 ஆக விழுந்து கம்பி இரண்டாகக் குறைந்தது, ஆனால் தரம் 11க்கு ஏறியது. ஸ்பீட் டெஸ்ட் போட்டால் விறாந்தையில் கிடைத்ததைப் போல நாலைந்து மடங்கு வேகம். கம்பி குறைந்த இடத்தில் நெட் கூடியிருக்கிறது. மச்சாள் நம்பவில்லை, தன் போனைக் கொண்டுவந்து அதே மூலையில் வைத்துப் பார்த்தாள், அதே முடிவு.

காரணம் வாவி. விறாந்தைக்கு முன்னால் தடை எதுவும் கிடையாது, தண்ணீர்தான். அக்கரையில் கிழக்குப் பக்கமான எழுவான்கரை: காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கல்முனை வீதி நெடுக வீடும் கடையும் நெருங்கிய கரை, அதற்கேற்றபடி டவர்களும் நெருக்கம். மரமும் கட்டடமும் இல்லாத நீர்ப்பரப்பில் ரேடியோ அலை இளைக்காமல் வந்து சேரும். ஒரு டவர் மட்டும் வந்தால் நல்லது, வந்தவை நாலைந்து. பழைய 2ஜியில் பக்கத்துப் பக்கத்து டவர்களுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுத்தார்கள், ஒன்று மற்றதைக் குழப்பாது. 4ஜியில் ஒரு நிறுவனத்தின் எல்லா டவர்களும் பொதுவாக ஒரே அலைவரிசையிலேயே இயங்குகின்றன. கையிலிருக்கும் அலைவரிசை முழுவதையும் ஒவ்வொரு டவரும் பயன்படுத்தலாம் என்பது அதன் இலாபம், டவர்களுக்கு இடையிலான எல்லையில் நிற்பவருக்கு எல்லா டவரும் ஒன்றின் மேல் ஒன்று கத்தும் என்பது அதன் விலை. மாமியின் விறாந்தை அப்படியான எல்லை. வரைபடத்தில் பார்த்தால் எல்லையாகத் தெரியாது, அக்கரையிலிருந்து நேராகத் தெரியும் திறந்த இடமாகத்தான் தெரியும்.

நடுச்சாமத்தில் ஏன் நன்றாக ஓடுகிறது என்பதற்கும் இதிலேயே பாதி விடை உண்டு. அக்கரையில் ஆட்கள் படுத்துவிட்டால் பக்கத்து டவர்கள் டேட்டா அனுப்புவது குறையும், அனுப்பாத நேரத்தில் அவை இரைவதும் குறையும். பங்குக்கு வரும் ஆட்கள் குறைவதோடு சிக்னலின் தரமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து பெருக்கிக்கொள்வதால்தான் மாலைக்கும் சாமத்துக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம்.

டவர் எதைப் பங்கிடுகிறது

4ஜியில் பங்கிடப்படும் பொருளுக்கு ரிசோர்ஸ் புளொக் என்று பெயர். 180 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டு அலைவரிசை, அரை மில்லிசெக்கன் நேரத்துக்கு. 20 மெகாஹேர்ட்ஸ் அகலமுள்ள டவரில் ஒரே நேரத்தில் 100 துண்டுகள், 10 என்றால் 50, 5 என்றால் 25. டவருக்குள் இருக்கும் ஷெட்யூலர் என்ற மென்பொருள் ஒவ்வொரு மில்லிசெக்கனும், அதாவது செக்கனுக்கு ஆயிரம் தடவை, இந்தத் துண்டுகளை யார் யாருக்கு என்று தீர்மானிக்கிறது. போன் தன் பக்கத்திலிருந்து "எனக்கு இப்போது சிக்னல் இவ்வளவு தெளிவு" என்று 0 முதல் 15 வரை ஒரு மதிப்பெண்ணை அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். தெளிவு கூடியவருக்கு ஒரே துண்டில் அதிக டேட்டாவை அடைத்து அனுப்பலாம்.

எவ்வளவு அதிகம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 4ஜி தரநிலையின் அட்டவணையில் மதிப்பெண் 1 உள்ளவருக்கு ஒரு ஹேர்ட்ஸுக்குச் செக்கனுக்கு 0.15 பிட், 15 உள்ளவருக்கு 5.55 பிட். கிட்டத்தட்ட 36 மடங்கு. துண்டு ஒன்றுதான், அகலமும் நேரமும் ஒன்றுதான்.

இதை எங்கள் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். அக்கரை டவருக்கு 20 மெகாஹேர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விறாந்தையில் நிற்கும் மச்சாளின் போனுக்கு மதிப்பெண் 4 என்றால் 0.6 பிட், 100 துண்டும் அவளுக்கே கொடுத்தாலும், கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போகும் கால்வாசியைக் கழித்தால், செக்கனுக்கு 8 மெகாபிட்தான் வரும். அதே டவருக்கு அருகில், மதிப்பெண் 12 வாங்கும் ஒரு கடைக்காரருக்கு அதே 100 துண்டில் 50 மெகாபிட்டுக்கு மேல் வரும். மாலையில் 30 பேர் ஒரே நேரம் இழுக்கிறார்கள், எல்லோருக்கும் சமமான நேரம் என்று வைத்தால், கடைக்காரருக்கு 1.7 மெகாபிட், மச்சாளுக்கு 0.27. ஸூம் வீடியோவுக்கு ஏறக்குறைய 0.6 வேண்டும். வீடியோ உறைவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. குரலுக்கு 0.1 கூட வேண்டாம், அதனால்தான் சேரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சமமான நேரம் என்பது நியாயம்தானே என்று தோன்றும். உன்னிச்சைக் குளத்து நீரில் வெள்ளாமை செய்பவர்களுக்கு இது நன்றாகவே புரியும். வட்டவிதானை முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் ஒரே அளவு நேரம் தண்ணீர் விட்டாலும், வாய்க்காலின் கடைசி வயலுக்கு வந்து சேரும் தண்ணீர் தலைப்பு வயலுக்கு வந்ததில் பாதிகூட இராது, நடுவில் மண் குடித்துவிடும். நேரம் சமம், தண்ணீர் சமமில்லை.

அப்போ வேகத்தைச் சமமாக்கிவிட்டால் என்ன? இரண்டே பேரை வைத்துக் கணக்குப் பார்ப்போம், முழு டவரும் கிடைத்தால் ஒருவருக்கு 50, மற்றவருக்கு 8 மெகாபிட் வரக்கூடியவர்கள். டவர் அதிகமாக அனுப்ப வேண்டும் என்பதே குறியென்றால் முழுவதையும் முதலாமவருக்குக் கொடுக்கலாம், மொத்தம் 50, இரண்டாமவருக்குப் பூச்சியம். நேரத்தைப் பாதி பாதி பிரித்தால் 25, 4, மொத்தம் 29. வேகம் சமமாக வேண்டுமென்றால் இரண்டாமவருக்கு 86 வீத நேரம் போக வேண்டும், அப்போது ஆளுக்கு 6.9, மொத்தம் 14க்கும் கீழே. எல்லையில் நிற்கும் ஒருவரைச் சமமாக்க, டவரின் கொள்ளளவில் பாதி கரைகிறது. அந்த டவரில் இருக்கும் மற்றக் குடும்பங்களிலும் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுடைய பங்கிலிருந்துதான் இது போகும்.

இதற்கு நடுவில் ஒரு வழியாகத்தான் விகிதாசார நியாயம் வந்தது. 1997இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிராங்க் கெலி தொடர்பு வலையமைப்புகளின் நெரிசலுக்காக இந்தக் கருத்தை வகுத்தார், அதே காலப்பகுதியில் டேவிட் ட்சே குவால்கொம் நிறுவனத்தின் செல்லுலார் டேட்டா முறைக்கு இதை ஷெட்யூலராக்கினார். இன்றைக்கும் டவர்களில் ஓடுவது பெரும்பாலும் இதன் ஏதோவொரு வடிவம். ஒவ்வொருவருக்கும் இந்தக் கணத்தில் அனுப்பக்கூடிய வேகத்தை, அவருக்கு அண்மைக்காலத்தில் சராசரியாகக் கிடைத்த வேகத்தால் வகுக்க வேண்டும், யாருக்கு விடை பெரிதோ துண்டு அவருக்கு. கொஞ்ச நேரமாக ஒன்றும் கிடைக்காதவரின் சராசரி இறங்கும், அவர் வரிசையில் மேலே வருவார். சிக்னல் எப்போதும் மேலும் கீழும் ஆடுவதால் ஒவ்வொருவரும் தத்தம் நல்ல கணத்தில் துண்டைப் பெறுவார்கள், அது எல்லோருக்கும் ஆதாயம். அழகான யோசனை, நான் படித்த பொறியியலில் இவ்வளவு சின்ன சூத்திரம் இவ்வளவு வேலை செய்வதை வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. ஆனால் நீண்டகாலக் கணக்கில் பார்த்தால் இதுவும் சமமான நேரத்துக்குக் கிட்டத்தான் வந்து நிற்கிறது. மாமி வீடு என்றைக்கும் எல்லையில்தான் இருக்கிறது, அதன் நல்ல கணமும் கடைக்காரரின் கெட்ட கணத்தைவிடக் கீழேதான்.

ஷெட்யூலரைச் சற்று எல்லைப் பக்கம் சாய்க்கவும் முடியும், அதற்கான திருகாணி அதில் இருக்கிறது. மச்சாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட்டினால் 0.27 என்பது 0.32 ஆகும். வீடியோ அப்போதும் ஓடாது. இந்த ஆய்வில் நான் வந்தடைந்த இடம் இதுதான்: பங்கிடும் சூத்திரத்தில் இவளுக்கு மீட்சியில்லை. தவறான வரிசையில் நிற்கிறாள், அந்த வரிசையில் எப்படிப் பங்கிட்டாலும் போதாது.

எந்த டவரில் நிற்பது

பின்பக்க மூலையில் போன் பிடித்தது படுவான்கரைக்குள் இருக்கும் ஒரு டவர். 900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை, அகலம் 5 மெகாஹேர்ட்ஸ்தான், 25 துண்டுகள். அக்கரை டவர் 1800இல், நாலு மடங்கு அகலம். காகிதத்தில் பார்த்தால் அக்கரைதான் சிறந்தது. ஆனால் இங்கே மதிப்பெண் 10 கிடைக்கிறது, 2.7 பிட், மொத்த டவருக்கும் 9 மெகாபிட். சுற்றிவர வயலும் சிதறிய வீடுகளும்தான், மாலையில் 8 பேர் இழுக்கிறார்கள் என்று எடுத்தால் ஆளுக்கு 1.1 மெகாபிட்டுக்கு மேல் வருகிறது. அகலம் குறைந்த, கம்பி குறைந்த டவரில் அவளுக்கு நாலு மடங்கு.

பிறகேன் போன் தானாக இங்கே வராமல் அக்கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? ஒவ்வொரு டவரும் தன்னிடமுள்ள போன்களுக்கு, எந்த அலைவரிசைக்கு முன்னுரிமை என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். அகலமான அலைவரிசைக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுப்பது வழக்கம், நகரத்தில் அது சரியும்கூட. பலம் ஒரு குறித்த அளவுக்குக் கீழே போகாதவரை போன் அந்த அலைவரிசையை விடாது. தண்ணீர் தாண்டி வரும் சிக்னலுக்குப் பலம் குறைவதில்லை, தரம்தான் கெட்டுக் கிடக்கிறது, அந்த விதி பெரும்பாலும் தரத்தைப் பார்ப்பதில்லை. அந்த டவரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் பார்ப்பதில்லை.

மச்சாள் சொன்ன இன்னொரு முறைப்பாடும் இங்கேதான் விளங்கியது. "சேர் சொல்றது ஒரு மாதிரிக் கேக்குது மச்சான், நான் கதைக்கிறதுதான் அவருக்கு வெட்டி வெட்டிப் போகுதாம்." டவர் பத்துக்கணக்கான வோட்டில் அனுப்புகிறது, போன் அதிகபட்சம் 0.2 வோட். அக்கரையிலிருந்து கத்துவது இங்கே கேட்கும், இங்கிருந்து பேசுவது அங்கே அரைகுறையாகத்தான் கேட்கும். தொலைவில் நிற்கும் போன் அந்தச் சின்னச் சக்தியை ஒருசில துண்டுகளுக்குள் குவித்துத்தான் அனுப்ப முடியும், அதனால் மேலே போகும் வேகம் கீழே வரும் வேகத்தைவிட மோசமாக விழும். உள்ளூர் டவர் கிட்ட இருக்கிறது, 900இன் அலை மரங்களுக்கிடையிலும் சற்று நன்றாக நுழையும், அதனால் அந்தப் பக்கம் மாறினால் இரண்டு திசையும் தேறும்.

வீட்டளவில் செய்தது சின்ன வேலை. ஒரு 4ஜி ரூட்டர் வாங்கினோம், அதன் அமைப்பில் 900 அலைவரிசையை மட்டும் பயன்படுத்தும்படி பூட்டிவிட்டு, வாவிக்கு எதிர்ப்புறமாக இருக்கும் குசினி ஜன்னலில் வைத்தோம். வீட்டின் கல்சுவரே அக்கரை இரைச்சலுக்குத் திரையாக வேலை செய்தது. அன்று மாலை வகுப்பு முழுக்க வீடியோவோடு ஓடியது, அவள் கேள்வி கேட்டதும் சேருக்கு முழுதாகக் கேட்டது. ரூட்டர் வாங்க முடியாத வீடுகளுக்கும் இதில் பயனுண்டு: வாவிப்பக்க விறாந்தையை விட்டு எதிர்ப்பக்க அறையில் இருந்து பாருங்கள், கம்பி குறைவதைக் கண்டு திரும்ப ஓடிவராதீர்கள். வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலையும் திரைப்பகிர்வையும் மட்டும் வைத்தால் மோசமான இடத்திலும் வகுப்பு தப்பிக்கும்.

ஒரு வீடு தப்பித்ததோடு விட மனமில்லை, கரை நெடுக இதே நிலையில் பல வீடுகள். நிறுவனத்தின் அழைப்பு எண்ணுக்குச் சொன்னபோது உங்கள் பகுதியில் கவரேஜ் நன்றாக இருக்கிறது என்ற பதில் வந்தது. அவர்களின் திரையிலும் பலம்தான் தெரிகிறது போலும். இரண்டாம் முறை எழுத்தில் அனுப்பினோம்: இரண்டு டவர்களின் அடையாள எண்கள், விறாந்தையிலும் பின்பக்கத்திலும் பலம், தரம், மாலையிலும் சாமத்திலும் எடுத்த ஸ்கிரீன்ஷொட்டுகள், "அக்கரை டவர் வாவி தாண்டி இங்கே விழுகிறது" என்று ஒரு வரி. இம்முறை பொறியியலாளர் ஒருவரே தொலைபேசியில் வந்தார். எந்தத் திசையைப் பார்த்த வீடு, எத்தனை மணியிலிருந்து என்று கேட்டார், நேரத்தை வீணாக்கவில்லை. சில வாரங்களில் அக்கரை டவர்களின் அன்டெனாச் சாய்வைக் கீழே இறக்கியதாகத் தகவல் வந்தது. விறாந்தையில் பலம் −98 வரை இறங்கியது. அயல் வீட்டில் "ஒரு கம்பி குறைஞ்சிட்டு" என்றார்கள், ஆனால் மாலையில் போன்கள் முன்னைவிடச் சுலபமாக உள்ளூர் டவருக்குப் போகின்றன, அக்கரையிலேயே நிற்பவற்றுக்கும் தரம் 5, 6 என்று காட்டுகிறது.

எல்லா நெரிசலும் இந்த நோய் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் போன் சிக்கிக்கொள்வது வேறு காரணத்தால். அங்கே பலமும் இருக்கும், தரமும் ஓரளவு இருக்கும், வாட்ஸ்அப் செய்தி ஒரு டிக்கோடு நிற்கும். போன் டவரோடு பேச்சைத் தொடங்குவதற்கே ஒரு சமிக்ஞை அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு செல்லில், அதாவது டவரின் ஒரு பக்கத்து வட்டாரத்தில், இருப்பவை 64 குறிகள். ஒரே கணத்தில் இருவர் ஒரே குறியை எடுத்தால் மோதும், மோதியவர்கள் திரும்பத் திரும்ப முயல்வார்கள், நெரிசல் தன்னைத்தானே ஊதிக்கொள்ளும். உள்ளே டேட்டாத் துண்டுகள் மிச்சமிருக்கும்போதே வாசலில் ஆட்கள் சிக்கி நிற்பார்கள். அதற்கு மருந்து வாகனத்தில் ஏற்றிவந்து நிறுத்தும் தற்காலிக டவர்தான், சாய்வை மாற்றுவதல்ல.

குரல் அழைப்பு மட்டும் மாலையிலும் தெளிவாக இருப்பதைப் பலர் கேட்டார்கள். 4ஜி குரல் அழைப்புக்கு ஷெட்யூலரில் தனிப் பிரிவும் உறுதிசெய்த வேகமும் உண்டு. ஸூம் வகுப்போ பக்கத்து வீட்டு டிக்டொக்கோடு ஒரே பொதுப் பிரிவில் போகிறது. கல்விக்குத் தனி முன்னுரிமை வேண்டுமென்று சிலர் கேட்கிறார்கள், அந்த அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் மதிப்பெண் 4இல் நிற்பவருக்கு முன்னுரிமை கொடுத்தால் டவரின் நேரம்தான் எரியும், மேலே போட்ட கணக்கு அதையே காட்டுகிறது. முதலில் அவரைச் சரியான டவருக்கு நகர்த்த வேண்டும், முன்னுரிமையைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

இனி அழுத்தம் உள்ளூர் டவருக்கு வரும். 25 துண்டு எத்தனை வீட்டுக்குத் தாங்கும்? வெள்ளாமை வெட்டுக் காலத்தில் எழுவான்கரையிலிருந்து ஆட்கள் வந்து வாடியில் தங்குவார்கள், அவர்களின் போன்களும் அதே டவரில்தான் ஏறும், அந்த மாதங்களில் மச்சாளின் 1.1 மெகாபிட் பாதியாகலாம். அதனால் அடுத்த கடிதத்தை அனுப்பிவிட்டோம்: அந்த உள்ளூர் டவரிலேயே 1800 அலைவரிசையையும் போட்டுத் தாருங்கள் என்று. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கையொப்பத்தோடு, கரையோரத்தில் வேறு சில வீடுகளில் எடுத்த அளவுகளையும் சேர்த்து. அந்த அளவுகளை எடுத்தது மச்சாளும் அவளோடு படிக்கிற பிள்ளைகளும், விறாந்தையில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என்று கொப்பியில் நிரல் போட்டு எழுதி.